பழைய கம்பியே போதுமா, புதுசு வாங்கணுமா?
சைக்கிள் வீல் கட்டும்போது நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம்ம ஊர்களில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. மகள் பள்ளிக்கூடம் போக, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக, பறித்த மல்லிகையைப் பஸ் வருவதற்குள் ரோட்டுக்குக் கொண்டுவர, புல்லுக்கட்டு ஏற்றிவர என்று எல்லாத்துக்கும் அதுதான் கைகொடுக்கிறது. தமிழக அரசு 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் அந்தத் திட்டம் விரிந்தது. அதனால் புது சைக்கிள் வாங்க வசதி இல்லாத வீட்டிலும் இன்றைக்கு ஒரு சைக்கிள் நிற்கிறது.

பிள்ளை பிளஸ் டூ முடித்து, காலேஜுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அந்த சைக்கிள் அம்மா கைக்கு வருகிறது. அதுவரை புத்தகப் பையைச் சுமந்த கேரியர், இப்போது இரண்டு குடம் தண்ணீரையோ, ஒரு மூட்டை உரத்தையோ சுமக்கிறது. கொஞ்ச நாளில் பின் வீல் ஆட ஆரம்பிக்கிறது. கடைக்கு உருட்டிக்கொண்டு போனால் கடைக்கார அண்ணன் கேட்கும் கேள்வி இதுதான்:

"ரிம் போயிடுச்சும்மா, புதுசு போடணும். பழைய கம்பியவே கோத்துரவா, இல்ல கம்பியும் புதுசா வாங்கிக்கிறீங்களா?"

"உங்களுக்குத் தெரியாததா அண்ணே, எது நல்லதோ போடுங்க" என்று சிலர் சொல்கிறோம். "கையில காசில்ல, பழசே போடுங்க" என்று சிலர் சொல்கிறோம். இரண்டுமே தெரிந்து சொன்ன பதில் இல்லை. பழைய கம்பி சில நேரம் அருமையாக உழைக்கும், நம் காசும் மிச்சம். சில நேரம் அதே பழைய கம்பியால் இரண்டு மாதத்தில் மறுபடியும் செலவு வரும். எப்போது எது என்று பார்ப்பதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம், கண்ணும் கையும் போதும்.

கம்பி என்ன வேலை செய்கிறது?

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். அதில் கட்டையான ஆரக்கால்கள் இருக்கும். வண்டியின் பாரம் அச்சு வழியாக இறங்கி, கீழே உள்ள ஆரக்கால் மேல் நிற்கும். வீட்டுத் தூண் கூரையைத் தாங்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிள் கம்பி 2 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதைத் தூணாக நிறுத்தி மேலே பாரம் வைத்தால் உடனே வளைந்துவிடும். ஆனால் அதையே இழுத்துப் பிடித்தால் ஒரு ஆளின் எடையைத் தாங்கும். சைக்கிள் வீல் இந்த இழுவையில்தான் நிற்கிறது. நடுவில் உள்ள ஹப்பை எல்லாப் பக்கமும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை கட்டில் ஆளைத் தாங்கும். தொய்ந்துவிட்டால் படுத்தவர் குழிக்குள் போய்விடுவார். கயிறும் சட்டத்தில் உரசி உரசி அறுந்துவிடும்.

கம்பிகள் நேராக இல்லாமல் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போவதற்கும் காரணம் உண்டு. பெடலை மிதிக்கும்போது செயின் ஹப்பைத் திருப்புகிறது. அந்தத் திருப்பல் ரிம்முக்குப் போய்ச் சேர, சாய்வாக இழுக்கிற கம்பி வேண்டும். இப்படிக் குறுக்காகக் கோர்க்கும் சக்கரத்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1874ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் நம் ஊர்க் கடையில் அதே முறையில்தான் கோர்க்கிறார்கள்.

பழைய உயரமான 28 அங்குல சைக்கிளில் முன் வீலுக்கு 32 கம்பி, பின் வீலுக்கு 40 கம்பி இருக்கும். பாரம் அதிகமாகப் பின்னால்தான் விழுகிறது என்பதால் அங்கே கூடுதல். வேறு சைக்கிள்களில் இந்த எண்ணிக்கை மாறும். உங்கள் வண்டியில் எத்தனை என்று ஒரு தடவை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி ஏன் முறிகிறது?

ஒரு கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் சில தடவை ஒன்றும் ஆகாது. பிறகு 'டக்'கென்று முறியும். சைக்கிள் கம்பிக்கும் இதே கதிதான். வீல் ஒரு சுற்றுச் சுற்றும்போது, தரைப்பக்கம் வருகிற கம்பி கொஞ்சம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. 28 அங்குல வீல் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 450 சுற்று சுற்ற வேண்டும். பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர் என்றால், போய்வர 8 கிலோமீட்டர். ஒரே நாளில் 3,600 தடவை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது.

கம்பி நல்ல விறைப்பாக இருந்தால் இந்த அசைவு ரொம்பச் சிறிசு. வருசக்கணக்கில் தாங்கும். தொய்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பியின் கழுத்து ஹப் ஓட்டைக்குள் ஆடுகிறது. அதனால்தான் கம்பி நடுவில் முறிவதை நாம் அதிகம் பார்ப்பதில்லை. ஹப்பில் மாட்டுகிற வளைவுக் கழுத்தில் முறியும், இல்லாவிட்டால் ரிம் பக்கம் மரை உள்ள இடத்தில் முறியும்.

இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வீலில் உள்ள கம்பிகள் எல்லாம் ஒரே நாளில் கோர்த்தவை, ஒரே தூரம் ஓடியவை. கல்லில் மோதாமல், குச்சி எதுவும் மாட்டாமல், சும்மா போகும்போதே மூணு நாலு கம்பி ஒன்றன்பின் ஒன்றாக முறிந்திருந்தால், மீதிக் கம்பிகளும் அதே களைப்பில்தான் இருக்கின்றன. வெளியே பளபளப்பாக இருக்கலாம். கழுத்தில் விழுந்த நுண்ணிய வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

எப்போது பழைய கம்பி போதும்?

கீழே உள்ள ஐந்தும் சரியாக இருந்தால் தைரியமாகப் பழைய கம்பியையே போடச் சொல்லலாம்.

1. கெட்டது ரிம் மட்டும்தான். குழியில் விழுந்து ரிம் நசுங்கியிருக்கலாம், பிரேக் கட்டை உரசித் தேய்ந்திருக்கலாம், துரு தின்றிருக்கலாம். கம்பி இதுவரை தானாக முறிந்ததில்லை.

2. ஹப் மாறவில்லை. கம்பியின் கழுத்து அந்த ஹப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து அதற்கேற்ற வளைவு பெற்றிருக்கும். வேறு ஹப்பில் மாட்டினால் மறுபடி வளையும், சீக்கிரம் முறியும்.

3. புது ரிம்மும் பழைய ரிம் அளவேதான். வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் ரிம்மின் உள்பள்ளம் வேறாக இருந்தால் கம்பி நீளம் ஒத்துவராது. இரண்டு ரிம்மையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஓட்டைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. கம்பி நேராக இருக்கிறது, துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போகிற துரு பரவாயில்லை. நகத்தால் தடவும்போது சொரசொரவென்று குழி குழியாக இருந்தால் அந்தக் கம்பி வேண்டாம்.

5. மரை நன்றாக இருக்கிறது. நிப்பிள் கையாலேயே சுழன்று ஏற வேண்டும். பாதியில் சிக்கினாலோ, லொடலொடவென்று ஆடினாலோ மரை போய்விட்டது என்று அர்த்தம்.

எப்போது கண்டிப்பாகக் கூடாது?

தானாக மூணு நாலு கம்பி முறிந்த வீல், வாய்க்கால் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்து குழித்துரு ஏறிய வீல், ஹப் மாற்றுகிற வீல் ஆகிய மூன்றுக்கும் முழு செட்டும் புதுசாக வாங்கிவிடுங்கள்.

விபத்தில் நசுங்கிய வீல் என்றால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அடிபட்ட இடத்துக் கம்பிகள் இழுபட்டோ வளைந்தோ இருக்கும். அவற்றை மட்டும் மாற்றி, மற்றதை வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் முழு செட்டே மேல்.

வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நஞ்சை வரப்பில் போகிற வண்டிகளுக்கும், உர மூட்டை ஏற்றுகிற வண்டிகளுக்கும் துரு சீக்கிரம் வரும். உரம் உப்புத்தன்மை உள்ளது, இரும்பைத் தின்னும். திருமங்கலம், கள்ளிக்குடி கரிசல் பக்கம் மழைக்காலத்தில் மண் கம்பி இடுக்கில் அப்பிக்கொண்டு நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த மாதிரி வண்டிகளின் கம்பியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குழுவில் கணக்கு எழுதுகிற நமக்கு இது சுலபம். விலை கடைக்குக் கடை மாறும். புரிவதற்காக, வீல் கட்டுகிற கூலி 200 ரூபாய், புதுக் கம்பி செட் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிம் விலை எப்படியும் உண்டு, அதை விட்டுவிடுவோம்.

நல்ல பழைய கம்பியைப் போட்டால் செலவு 200. மிச்சம் 250.

புதுக் கம்பி போட்டால் செலவு 450.

களைத்துப்போன பழைய கம்பியைப் போட்டு, இரண்டு மாதத்தில் முறிந்து, மறுபடி புதுக் கம்பியோடு கட்டினால்? முதலில் 200, பிறகு 450. மொத்தம் 650. அதோடு கடைக்குப் போய்வந்த இரண்டு நாள் கூலியும் போச்சு.

பழைய கம்பிக்கும் புதுக் கம்பிக்கும் கூலி ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம். நல்ல கம்பியைத் தூக்கிப் போடுவதும் நஷ்டம், கெட்ட கம்பியை மறுபடி கோர்ப்பதும் நஷ்டம். காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கெட்ட கம்பியைப் போட வேண்டாம். 250 ரூபாய் குழுவின் உள்கடனில் கிடைக்கிற தொகைதான். பாரம் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகும்போது வீல் மடங்கினால் ஆகிற ஆஸ்பத்திரிச் செலவு அதைவிடப் பெரிது.

கடையில் வேலை நடக்கும்போது

பழைய கம்பியை மாற்றிக் கோர்க்க நல்ல ஒரு முறை இருக்கிறது. பழைய ரிம்மை ஒட்டிப் புது ரிம்மை வைத்து, காற்றடிக்கிற வால்வு ஓட்டை இரண்டும் நேராக வரும்படி கட்டிவிடுவார்கள். முதலில் எல்லா நிப்பிளையும் சமமாகத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, பக்கத்தில் உள்ள புது ரிம்மின் அதே இடத்து ஓட்டையில் மாட்டுவார்கள். ஹப்பிலிருந்து கம்பி வெளியே வராது. அதனால் ஒவ்வொரு கம்பியும் பழகிய இடத்திலேயே இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஹப் தட்டில் பாதிக் கம்பிகளின் தலை உள்பக்கம் இருக்கும், பாதிக் கம்பிகளின் தலை வெளிப்பக்கம் இருக்கும். இரண்டு வகைக் கம்பியின் கழுத்தும் வேறு வேறு விதமாக வளைந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் கொட்டிவிட்டால் எது எங்கே இருந்தது என்று தெரியாது. இடம் மாறினால் கழுத்து மறுபடி வளைய வேண்டியிருக்கும்.

எனவே கடைக்காரரிடம் மரியாதையாக, முன்கூட்டியே கேளுங்கள்:

"அண்ணே, இந்தக் கம்பி இதுவரைக்கும் முறிஞ்சதில்ல. பழசவே வச்சுக்கலாமா, பார்த்துச் சொல்லுங்க. வைக்கிறதா இருந்தா ஒவ்வொண்ணா அதே இடத்துல மாத்திருங்க. நிப்பிள் மட்டும் புதுசு போட்டுருங்க."

நிப்பிள் சின்னச் சாமான், விலை குறைவு. பழைய நிப்பிளின் முனை சாவி பட்டு மழுங்கியிருக்கும், உள்ளே துரு இருக்கும். பிறகு இறுக்க வேண்டிய நேரத்தில் திரும்பாது. அதனால் கம்பி பழசானாலும் நிப்பிள் புதுசாக இருப்பது நல்லது. மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு ஆயில் விடச் சொல்லுங்கள்.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். விசயம் தெரிந்தவர் கேட்கிறார் என்று சந்தோசப்படுவார்.

பழைய இரும்புக் கடைக் கம்பி

"ஒரு கம்பிதான் முறிஞ்சிருக்கு, இரும்புக் கடையில கிடக்கிற வீல்ல இருந்து ஒண்ணு உருவிப் போட்டா என்ன?" என்று சிலர் கேட்பது உண்டு. போடலாம், ஆனால் நீளமும் கனமும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். நல்ல கம்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

சில மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் கம்பி முனை நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும். டயரில் முள்ளே இல்லாமல், டியூபின் உள்வட்டத்தில் அடிக்கடி பஞ்சர் விழுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ரிம்முக்குள் ஓடுகிற ரப்பர் பட்டை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீளம் குறைந்தாலும் ஆபத்துதான். நிப்பிள் இரண்டு மூன்று மரையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், பாரம் ஏறினால் பிய்த்துக்கொள்ளும்.

இப்படிப் போடும் கம்பி அவசரத்துக்குத்தான். பல வீல்களிலிருந்து உருவிய கம்பிகளைச் சேர்த்து ஒரு முழு வீல் கட்ட வேண்டாம். எது எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

பின் வீலில் பிரீவீல் பக்கம் கம்பி முறிந்தால், பிரீவீலைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும், கூலி கூடும். எனவே அந்தப் பக்கம் கழற்றும்போது மற்றக் கம்பிகளின் கழுத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வீல் வந்ததும் வீட்டில் ஒரு சோதனை

● சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி வீலைச் சுற்றிவிடுங்கள். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்து, முனையை ரிம்முக்குப் பக்கத்தில் வையுங்கள். ரிம் குச்சியை ஒரு இடத்தில் தட்டி, ஒரு இடத்தில் விலகிப் போனால் கோட்டம் இன்னும் இருக்கிறது.

● பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டு இரண்டாகக் கையால் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் கடையில் காட்டுங்கள்.

● கம்பியை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்கும். தொய்ந்த கம்பி மொத்தையாகச் சத்தம் போடும்.

● புதிதாகக் கட்டிய வீல் முதல் சில நாள் ஓடும்போது கம்பிகள் இடம் பிடித்துத் தளரும். இரண்டு வாரம் கழித்து மறுபடி கடையில் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இறுக்காத புதுக் கம்பி, பழைய கம்பியைவிடச் சீக்கிரம் முறியும்.

● ஒரு கம்பி முறிந்தால் அதை மற்ற கம்பியில் சுற்றிவிட்டு மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம். அதன் வேலையைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். அடுத்து அவையும் முறியும்.

● சேற்றில் போய்வந்தால் கம்பியைக் கழுவி, துடைத்து வையுங்கள். எண்ணெய் தடவும்போது ரிம் மேல் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

குழுவில் என்ன செய்யலாம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்களும் கல்குவாரித் தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். பஸ்ஸுக்காகவும், வீட்டு ஆம்பளைக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. அவர்களைப் பார்த்து நம் பக்கத்துப் பெண்களும் தைரியம் பெற்றார்கள்.

ஓட்டத் தெரிந்தது முதல் படி. வண்டி நின்றுபோனால் அதற்கு என்ன ஆயிற்று, என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லத் தெரிவது அடுத்த படி. ஒரு வீல் கெட்டதால் சைக்கிள் மூலையில் சாய்ந்து கிடந்தால், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறாள், மழை பெய்தால் லீவு போடுகிறாள். பால் நேரத்துக்குப் போய்ச் சேராது. கடைசியில் அந்த சைக்கிள் எடைக்குப் போகிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நான்கைப் பற்றிப் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை சைக்கிள் ஓடாமல் கிடக்கிறது? அதில் வீல் கோளாறு எத்தனை?

2. உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, ஒரு பழைய வீலை வைத்து ஒரு மணி நேரம் செய்து காட்டச் சொல்ல முடியுமா?

3. நிப்பிள் திருப்புகிற சாவி ஒன்றை வாங்கிக் குழுவுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா? தொய்ந்த கம்பியைக் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்க நாமே பழகலாம். கோட்டம் எடுப்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

4. சைக்கிள் பழுதுக்குச் சிறு கடன் கேட்டால், அதை அவசரக் கடனாக அன்றைக்கே கொடுக்கலாமா?

அடுத்த தடவை கடையில் "பழசா, புதுசா?" என்று கேட்டால், கம்பியைத் தொட்டுப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, மரையைப் பார்த்து நீங்களே பதில் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கூட்டத்துக்கு வரும்போது என்னிடம் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்